நொதிக்கும் எடையுண்டு

(உயர்நிலைப் பள்ளி அறிவியல் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய பொழிவு)



அறிவியல் மன்றத்தைத் தொடங்கி வைக்கத் தமிழாசிரியனை அழைத்துள்ளீர்கள். இலக்கணம் நடத்துவோர்க்கும் வேதியலுக்கும் என்ன உறவு என்று உங்களுள் சிலர் தமக்குள் வினவிக்கொள்ளலாம். உறவு உண்டு. ஒரு சொல்லைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரித்து, அவை புணரும் முறையால் பொருள் பிறப்பதைக் காண்பது எம் தொழில். உயிருள் இயங்கும் பெருமூலக்கூறு ஒன்றை உறுப்புறுப்பாகப் பிரித்து, அவ்வுறுப்புகள் கூடிநிற்கும் முறையால் வினை பிறப்பதைக் காண்பது இயற்பிய வேதியலார் தொழில். இரண்டிலும் வேண்டப்படுவது ஒன்றே. அடுத்தவர் சொன்னார் என்று ஏற்காமல், பிரித்தும் நிறுத்தும் பார்க்கும் மனத்திட்பமே அது.

அத்தகைய மனத்திட்பம் கொண்ட ஒருவரின் கதையையும், அவர் கையில் எடுத்த ஓர் அவரை விதையின் கதையையும் இன்று உங்கட்குக் கூற விழைகிறேன்.

தொழுவத்து நெடி

மாட்டுத் தொழுவத்தில் விடியற்காலை நுழைந்தவர்க்கு மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி தெரியும். அது மாட்டுச் சிறுநீரின் இயல்பான நாற்றமன்று. சிறுநீரில் யூரியா என்னும் பொருள் உள்ளது. அதற்கு நெடியில்லை. தரையிலும் சாணத்திலும் வாழும் நுண்ணுயிர்கள் அந்த யூரியாவை அம்மோனியாவாகவும் கரிவளியாகவும் உடைக்கின்றன. அவ்வம்மோனியாவே நம் கண்ணைக் கரிக்கச் செய்கிறது.

தூய யூரியாவைத் தூய நீரில் கரைத்து மூடி வைத்துப் பாருங்கள். நாள்கள் செல்லும், திங்கள்கள் செல்லும், நெடி எழாது. அது தானே பாதியளவு சிதையப் பல ஆண்டுகள் வேண்டும். தொழுவத்திலோ ஓரிரவில் அது முடிகிறது. ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டியதை நொடிக்கணக்கில் நடத்தி வைக்கும் ஒன்று அந்நுண்ணுயிர்களிடத்து இருக்கிறது. அதன் பெயர் யூரியேசு. அது போன்றவற்றிற்கெல்லாம் பொதுப்பெயர் நொதி.

நொதித்தல் என்பது புளித்துப் பொங்குதல். மாப் புளிப்பதையும் கள் பொங்குவதையும் கண்ட மக்கள்வழி வந்த சொல் அது. மேலை நாட்டார் வழங்கும் பெயரும் இவ்வாறு பிறந்ததே. 1870-களில் செருமனி நாட்டு அறிஞர் கூனே என்பார், 'புளிமாவில் உள்ளது' என்று பொருள்படும்படி கிரேக்கச் சொற்களைக் கூட்டி அதனை ஆக்கினார். அவர்கள் தம் அடுக்களையிலிருந்து பெயர் எடுத்தனர். நாமும் நம் அடுக்களையிலிருந்து எடுத்தோம். நொதி என்று சொன்ன அளவிலேயே புளித்த மா கண்முன் தோன்றுகிறதன்றோ? பொருள் விளங்கும் பெயரால் கற்பதன் ஆக்கம் அதுவே.

நொதிகள் எங்கோ அயலில் உள்ளன அல்ல. ஒரு கவளம் சோற்றை நெடுநேரம் மென்று பாருங்கள், இனிக்கும். உமிழ்நீரிலுள்ள நொதி சோற்றின் மாப்பொருளை இனிப்புப் பொருளாக மாற்றியதன் விளைவு அது. கறி விரைந்து வேகப் பப்பாளிக்காய்த் துண்டு இடுவர் நம் தாய்மார். அக்காயின் பாலிலுள்ள நொதி ஊனின் புரதத்தை அறுத்து மென்மையாக்குகிறது. முளைகட்டிய கேழ்வரகு இனிப்பதும் நொதியின் வேலையே.

உயிர் விசையா? பொருளா?

இவ்வளவு கண்கூடான ஒன்றின் இயல்பு யாது என்பதில் மேலை அறிஞரிடை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சொற்போர் நிகழ்ந்தது.

உயிரிடத்து நிகழும் வினைகளுக்கு 'உயிர்விசை' என்று ஒன்று தேவை. அவற்றை மாந்தன் ஏனத்தில் வைத்து ஆக்க இயலாது என்பது முந்தையோர் கொள்கை. 1828-இல் செருமனியின் வோலர் என்பார், உயிரற்ற பொருளிலிருந்து யூரியாவை ஆக்கிக் காட்டினார். அக்கொள்கைக்கு விழுந்த பெரிய அடி அது. ஆயினும் புளித்தலும் நொதித்தலும் உயிருள்ள ஈச்டு அணுக்கள் இன்றி நடவா என்று பிரான்சு நாட்டுப் பாசுடர் நிலைநாட்டினார். அவர் செய்த ஆய்வுகள் செம்மையானவை. ஆகலின் உலகம் அவர் சொல்லை ஏற்றது.

1897-இல் செருமனியின் எடுவர்டு பூக்னர், ஈச்டை மணலோடு சேர்த்து அரைத்து, அணுக்களை உடைத்துச் சாறு பிழிந்தார். அச்சாற்றில் உயிருள்ள அணு ஒன்றும் இல்லை. அது கெடாதிருக்கச் சருக்கரை சேர்த்தார். சாறு நுரைத்துப் பொங்கியது! உயிரணு மடிந்த பின்னும் அதன் வினை நடந்தது. வினையைச் செய்வது அணுவினுள் இருக்கும் ஏதோ ஒரு பொருள் என்பது அன்று தெளிவாயிற்று. பூக்னர்க்கு 1907-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பொருள் உண்டு என்பது சரி. அது என்ன பொருள்? இங்கேதான் அடுத்த போர் மூண்டது.

அந்நாளில் இத்துறையில் தலைமை சான்றவர் செருமனியின் இரிச்சர்டு வில்சுட்டேட்டர். இலைப்பச்சையின் இயல்பை ஆராய்ந்து 1915-இல் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர். அவர் ஒரு நொதியை மேன்மேலும் தூய்மைப்படுத்தினார். இறுதியில் கிடைத்த கரைசலில் நொதியின் வினை வலுவாக இருந்தது. புரதத்தைக் காட்டும் ஆய்வுகளோ ஒன்றும் காட்டவில்லை. எனவே, நொதி என்பது புரதமன்று. ஏதோ ஒரு சிறு பொருள் புரதத்தின்மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது. புரதம் வெறும் சுமைதாங்கி என்று அவர் முடிவு கட்டினார். அவர் முடிவு கட்டிய பின் மறுத்துரைப்பார் அரியர் ஆயினர்.

ஒற்றைக் கையர்

அமெரிக்காவில் 1887-இல் பிறந்தவர் சேம்சு சம்னர். பதினேழாம் அகவையில் வேட்டையின்போது நேர்ந்த இடரால் இடக்கையை இழந்தார். அவர் இயல்பிலேயே இடக்கைப் பழக்கத்தினர். இழந்த கையே தொழிற்கை! எல்லாவற்றையும் வலக்கையால் புதிதாகக் கற்றார். வேதியல் பயிலச் சென்றபோது, ஒற்றைக் கையர்க்கு இத்துறை ஒத்துவராது என்று பேராசிரியர் ஒருவர் அறிவுரை கூறினார். சம்னர் அதனைக் கேட்டாரல்லர். 1914-இல் முனைவர் பட்டம் பெற்றுக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

அங்கே கற்பிக்கும் சுமை மிகுதி, கருவிகள் குறைவு, பணம் குறைவு, நேரமும் குறைவு. இத்தகைய நிலையில் எளியதொரு பணியை எடுத்துக்கொண்டு நாள் கடத்துவோரே பலர். சம்னரோ அருஞ்செயல் ஒன்றைத் துணிந்தார். 1917-இல், ஒரு நொதியைத் தனியே பிரித்துத் தூய பொருளாகக் கையில் எடுப்பேன் என்று தொடங்கினார்.

அவர் தேர்ந்தது வாளவரை இனத்து விதை. அதன் அறிவியற் பெயரும் 'வாள் வடிவினது' என்னும் பொருளுடையதே. நம் வீட்டுக் கொல்லைகளில் படரும் வாளவரைக்கு அது நெருங்கிய உறவு, விதை வெண்மையானது. அவ்விதையில் யூரியேசு நொதி மிகுதியாக உண்டு. மிகுதியாக இருக்கும் இடத்தில் தேடினால் பிரித்தெடுத்தல் எளிதாகும் என்று எண்ணினார். எண்ணம் செவ்வையானதே, ஆனால் ஒன்பது ஆண்டுகள் உருண்டன. இடையே 1921-இல் பெல்சியம் நாட்டிற்குச் சென்று அங்குள்ள அறிஞர் ஒருவரோடு இப்பணியைத் தொடர விரும்பினார். நொதியைத் தனியே பிரிப்பதாவது என்று அவர் எள்ளிவிட்டமையால் அத்திட்டமும் கைகூடவில்லை.

விதைமாவை எரிசாராயம் கலந்த நீரில் ஊறவைத்து வடித்துக் குளிரச் செய்வது அவர் முதற்கண் கையாண்ட முறை. ஆய்வகத்தில் குளிர்ப்பெட்டி இல்லை. ஏனங்களைப் பலகணியின் வெளித்திண்டில் வைத்துவிட்டு, இரவு நன்றாகக் குளிர வேண்டுமே என்று ஏங்கிக் காத்திருப்பார்களாம்! இதனை அவரே பின்னாளில் நோபல் பரிசுப் பேருரையில் கூறியுள்ளார்.

1926-இல் எரிசாராயத்தை விடுத்து அசிட்டோன் என்னும் நீர்மத்தைக் கலந்து பார்த்தார். ஓரிரவு குளிரில் வைத்து வடித்தார். மறுநாட் காலையில் வடிந்திருந்தது மிகச் சிறிதே. அதில் ஒரு துளியை உருப்பெருக்கியின் கீழ் வைத்தார். எண்முகம் கொண்ட மிகச் சிறிய படிகங்கள்! அவற்றைத் திரட்டி நீரில் கரைத்துப் பார்த்தார். புரத ஆய்வுகள் அனைத்தும் ஆம் என்றன. யூரியாவை உடைக்கும் வலிவோ முன்கண்டிராத அளவில் இருந்தது. உடனே தொலைபேசியில் தம் மனைவியாரை அழைத்து, முதன்முதலாக ஒரு நொதியைப் படிகமாக்கிவிட்டேன் என்று தெரிவித்தார்.

பெரும்பெயரும் சிறுபடிகமும்

படிகமாதல் என்பதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஒரே வடிவுள்ள செங்கற்களை ஒழுங்காக அடுக்கலாம். கண்டபடி உடைந்த கற்களை அவ்வாறு அடுக்க இயலாது. ஒரு பொருள் படிகமாகிறது என்றால், அதன் மூலக்கூறுகள் யாவும் ஒரே வடிவின, ஒரே அளவின என்பது பெறப்படும். நொதி புரியாத விசையன்று. வரையறுத்த வடிவுள்ள பொருள் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆயினும் உலகம் உடனே ஏற்கவில்லை. அப்படிகம் சுமைதாங்கிதான், மெய்யான நொதி அதன்மேல் ஒட்டியிருக்கிறது என்று வில்சுட்டேட்டர் வழியினர் கூறினர். ஒரு பக்கம் நோபல் பரிசு பெற்றவரும் அவர் பள்ளியும். மறுபக்கம் பெயரறியாத ஒற்றைக் கையர். சம்னர் பெயர்க்குப் பெயர் நிறுத்தவில்லை. சான்றுக்குச் சான்று நிறுத்தினார். படிகத்தை மீண்டும் கரைத்து மீண்டும் படிகமாக்கினார், வினை உடன்வந்தது. கட்டுரைமேல் கட்டுரையாக விடையிறுத்தார்.

1930-இல் அமெரிக்காவின் நார்த்திராப்பு என்பார், இரைப்பையில் சுரக்கும் பெப்சின் என்னும் நொதியைப் படிகமாக்கினார். அதுவும் புரதமே. புரதம் எவ்வளவு சிதைகிறதோ அவ்வளவே வினையும் குறைகிறது என்று அளந்து காட்டினார். ஒட்டிக்கொண்ட வேறொரு பொருள் வினை செய்வதாயின் இரண்டும் இப்படி அடியொற்றி இறங்கா. வழக்கு முடிந்தது. இருபதாண்டு கழித்து, 1946-இல் சம்னர்க்கும், நார்த்திராப்பு, சிட்டான்லி ஆகியோர்க்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பெற்றது.

அங்ஙனமாயின் வில்சுட்டேட்டரின் கரைசலில் புரதம் தென்படாதது ஏன்? நொதி அவ்வளவு வல்லது. மிகச் சிறிய அளவே போதும் அதற்கு. அச்சிறிய அளவைக் காட்டும் கூர்மை அந்நாளைய புரத ஆய்வுகட்கு இல்லை. 'காணவில்லை' என்பதை 'இல்லை' என்று கொண்டதே அப்பேரறிஞர் செய்த பிழை. மாணவர்களே, இதை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தராசு காட்டாதது உலகில் இல்லாதது ஆகாது.

மூலக்கூற்றை நிறுத்தது எங்ஙனம்?

நொதி பொருளாயின் அதற்கு எடை வேண்டும். கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூற்றை எந்தத் தராசில் நிறுப்பது? சுவீடன் நாட்டின் சுவெட்பெர்கு என்பார் 1920-களில் அதற்கொரு வழி கண்டார். தயிர் கடையும்போது வெண்ணெய் தனியே ஒதுங்குகிறது. சேற்றுநீரைச் சும்மா வைத்தால் மணல் விரைந்தும், வண்டல் மெல்லவும் படிகின்றன. புரதமோ மிகச் சிறியது, தானே படியாது. எனவே கரைசலை நிமையத்திற்குப் பல பதினாயிரம் சுற்றுகள் சுழற்றும் பொறியொன்றை அமைத்தார். அச்சுழற்சியில் நிலத்தின் ஈர்ப்பைவிடப் பன்னூறாயிர மடங்கு விசை எழும். அவ்விசையால் புரதம் படியும் விரைவை ஒளியால் கண்டு அளந்தார். விரைவிலிருந்து எடை கிடைத்தது. ஒரு புரதத்தின் மூலக்கூறுகள் யாவும் ஒரே எடையின என்பதும் அவர் பொறியால் தெளிவாயிற்று.

சம்னர் அந்நாட்டிற்குச் சென்று தம் யூரியேசை அப்பொறியில் இட்டு நிறுத்தார். 1938-இல் வெளிவந்த விடை 4,83,000. நீரக அணுவின் எடை 1 என்று கொண்டால் நீர் மூலக்கூற்றின் எடை 18. யூரியாவின் எடை 60. நொதியின் எடையோ ஏறத்தாழ ஐந்து நூறாயிரம்! இன்று நாம் அறிவது: அந்நொதி ஆறு ஒத்த உறுப்புகள் சேர்ந்தது, ஓர் உறுப்பில் 840 அமினோக் காடிகள் கோவையாகக் கோக்கப்பட்டுள்ளன, மொத்த எடை 5,45,000 அளவினது. அந்நாளைய பொறி எவ்வளவு அருகில் சென்றுள்ளது பாருங்கள்.

840 மணிகள் கோத்த கோவை வெறும் நூலாகக் கிடந்தால் வினை நிகழாது. அது தன்னைத் தானே மடித்துச் சுருட்டித் தனக்குரிய வடிவைக் கொள்கிறது. நீரை வெறுக்கும் மணிகள் உள்ளே ஒதுங்குகின்றன. நீரை விரும்புவன வெளியே நிற்கின்றன. ஆயிரக்கணக்கான மெல்லிய பிணைப்புகள் அவ்வடிவைத் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் மெலிது, கூடியவழி வலிது. சூடு மிகும்போது அவை அறுகின்றன, மடிப்புக் குலைகிறது. முட்டை வெந்தால் வெண்கரு இறுகுவது இதனாலேயே. எழுத்துகள் அவையே, சொற்களும் அவையே. தொடரமைதி குலைந்தால் செய்யுள் பொருளிழப்பது போலத்தான்.

அம்மடிப்பின் ஓரிடத்தில் ஒரு குழிவு. வினைக்குரிய பொருள் மட்டும் அதில் பொருந்தும். பூட்டும் திறவுகோலும் போல என்று எமில் பிசர் 1894-இலேயே உவமை கூறினார். கை நுழையக் கையுறை சற்று இணங்கி விரிவது போல நொதியும் இணங்கும் என்று 1958-இல் கோசுலாண்டு அவ்வுவமையைத் திருத்தினார்.

வினையின் விரைவையும் அளந்தனர். ஆற்றைக் கடக்க ஓடங்கள் பத்தே உண்டு எனின், கரையில் ஆள் கூடக் கூட ஓடங்கள் ஓய்வின்றி ஓடும். ஓர் எல்லைக்குமேல் ஆயிரம் பேர் வந்து நின்றாலும் கடப்போர் தொகை கூடாது. நொதியின் விரைவும் அவ்வாறே ஓர் எல்லையில் நிற்கும் என்பதற்கு 1913-இல் மைக்கேலிசும் மெண்ட்டன் அம்மையாரும் கணக்கு வகுத்தனர். யூரியேசு தன் வினையைக் கூட்டும் அளவு, ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் வரும் எண்ணை ஒட்டியது என்று கணக்கிட்டுள்ளனர்.

1975-இல் ஆத்திரேலிய ஆய்வாளர்கள் மற்றொரு புதுமை கண்டனர். யூரியேசின் அக்குழிவில் நிக்கல் என்னும் மாழை அணுக்கள் இருந்தன! ஓர் உறுப்புக்கு இரண்டு நிக்கல் அணுக்கள். நிக்கல் கொண்ட முதல் நொதி என அறியப்பட்டது இதுவே. சம்னர் அறியாதது இது. புரதத்தோடு வேறொன்றும் உண்டு என்ற வில்சுட்டேட்டர் கூற்றில் ஒரு துளி உண்மை இருந்ததை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் வெறும் நிக்கல் இவ்வினையைச் செய்யாது. உரிய இடத்தில், உரிய தொலைவில் அவ்விரண்டையும் பிடித்து நிறுத்தும் புரதம் சுமைதாங்கியன்று, அதுவே தொழிலாளி.

சென்னையில் முடிந்த பயணம்

முதன்முதல் படிகமான நொதி இது. ஆயினும் அவரை யூரியேசின் அணுவடிவம் எண்பதாண்டு கடந்தும் அறியப்படாமலே இருந்தது. ஊடுகதிரைப் படிகத்தினுள் செலுத்தி, அது சிதறும் புள்ளிகளைக் கொண்டு அணுக்களின் இருப்பிடம் கணித்தல் வேண்டும். பெருமூலக்கூற்றுக்கு அது பெரும்பணி. 2010-இல் அப்பணியை முடித்து உலகிற்கு அறிவித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்து ஆய்வாளர் இருவர்! ஒரு மில்லிமீட்டரைக் கோடிக் கூறாக்கினால் அதில் இரண்டு கூறு அளவு நுணுக்கத்தில் அவ்வடிவை வரைந்தனர். நிலைத்திணை நொதியான யூரியேசுகளுள் வடிவு கண்டறியப்பட்ட முதலாவது அது. அவ்விதைகளின் யூரியேசு, யூரியாவை உடைப்பதோடன்றிப் பூச்சிகளைக் கொல்லும் திறமும் உடையது. அத்திறம் எப்பகுதியில் அமைந்திருக்கலாம் என்பதையும் அவர்கள் ஆராய்ந்துரைத்தனர்.

இது தற்செயலன்று. அவ்வளாகத்தில் 1952-இல் வந்தமர்ந்து இத்துறையைக் கட்டியெழுப்பியவர் கோ. நா. இராமச்சந்திரன். தோலிலும் தசைநாணிலும் உள்ள கொல்லாசன் என்னும் புரதம் மும்முறுக்குக் கயிறாக அமைந்தது என்று 1954-55-இல் கோபிநாத கர்த்தாவுடன் சேர்ந்து காட்டியவர். புரதக் கோவை எவ்வெக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடிய இயலாது என்பதை 1963-இல் இராமகிருட்டிணன், சசிசேகரன் ஆகியோருடன் வரைபடமாக்கியவர். இன்று உலகில் எவர் எப்புரதத்தின் வடிவைக் கண்டாலும், அது செவ்வையா என்று அப்படத்தில் வைத்து ஒத்துப்பார்க்கின்றனர். அது இராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறது. கார்னெலில் ஒருவர் திண்டில் வைத்த குளிர்ந்த ஏனத்தில் தொடங்கிய பயணம், நம் கிண்டியில் நிறைவுற்றது என்பதை எண்ண நெஞ்சு நிமிர்கிறதன்றோ?

அறிந்ததன் பயன்

இவ்வறிவால் விளைந்த பயன் என்னை என்பீர்களாயின், உழவரைக் கேளுங்கள். யூரியா உரத்தைக் காய்ந்த வயலின் மேற்பரப்பில் தூவிவிட்டால், மண்ணிலுள்ள யூரியேசு அதனை அம்மோனியாவாக்கிக் காற்றில் போக்கிவிடும். பணமும் உரமும் வளியோடு போகும். ஈரமண்ணோடு கலந்துவிட்டால் இழப்புக் குறையும். மருத்துவமனையைக் கேளுங்கள். சிறுநீரகம் செவ்வனே இயங்குகிறதா என்று அறியக் குருதியிலுள்ள யூரியாவை அளக்க இந்நொதியையே கருவியாகக் கொள்கின்றனர். இரைப்பைப் புண்ணுக்குக் கரணியமான எலிக்கோபாக்டர் என்னும் நுண்ணுயிர், இரைப்பையின் கடுங்காடியில் பிழைத்திருப்பதும் யூரியேசின் துணையாலே. அது அம்மோனியாவை ஆக்கித் தன்னைச் சூழ்ந்த காடியைத் தணித்துக்கொள்கிறது. அந்நுண்ணுயிரைக் கண்டறிந்த மார்சல், வாரன் இருவர்க்கும் 2005-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நோயாளியின் மூச்சை ஆய்ந்தே அக்கிருமி உண்டா என்று அறியும் முறையும் இந்நொதியின் வினையைக் கொண்டு எழுந்ததே.

மாணவச் செல்வங்களே! இன்று தொடங்கும் இம்மன்றத்திற்கு விலையுயர்ந்த கருவிகள் இல்லை என்று வருந்தாதீர்கள். அவரை விதையை அரைக்க அம்மி உண்டு. யூரியா உரக்கடையில் உண்டு. காடியா களரா என்று காட்ட மஞ்சள் தோய்த்த தாள் உண்டு. அவரைமாச் சாற்றை யூரியாக் கரைசலில் விட்டு, மஞ்சள் தாள் சிவப்பதைக் காணுங்கள். அடுத்து, அச்சாற்றைக் கொதிக்க வைத்து ஆற்றிய பின் விட்டு, தாள் சிவவாமை காணுங்கள். மடிப்புக் குலைந்தால் வினை குலையும் என்று நான் சொன்னது மெய்யா என்பதை உங்கள் கையாலேயே தேருங்கள். கண்டதைக் கண்டவாறே, நாளும் அளவும் குறித்து, உங்கட்கு விளங்கும் நல்ல தமிழில் எழுதி வையுங்கள். ஆசிரியர் சொன்னாரென்றும் நூலில் உள்ளதென்றும் நின்றுவிடாதீர்கள். நானே சொன்னாலும் நிறுத்துப் பாருங்கள்.

மன்றம் வளர்க! உங்கள் ஆய்வு வெல்க!